பச்சை பெயின்ட் அடித்த லேத்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பமாட்டேன் என்கிறவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "நடுவுல கரண்ட் வந்திருக்கும், அவரு கவனிச்சிருக்க மாட்டாரு" என்று மேதாவித்தனமாக ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரண்ட் வரவில்லை. 2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. கணபதியில் எங்கள் வீதி முழுக்க மாதாந்திர ஷட்டவுன். காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் மாலை 4.05க்குத்தான் வந்தது. அதே வீதியில் வெல்டிங் ராடு கடை வைத்துக்கொண்டு, அன்றைக்கு முழுக்க அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குத் தெரியாதா?

நடந்தது எனக்கல்ல, அமீர் ஹம்சாவுக்கு. கோட்டைமேட்டுக்காரர், ஐம்பதைத் தொடப்போகிற வயது. பழைய லேத், டிரில்லிங் மெஷின், வைஸ், எதுவானாலும் இன்ன விலை பெறும் என்று மதிப்பு சொல்வது அவருக்குத் தொழில். விற்கிறவரும் கூப்பிடுவார், வாங்குகிறவரும் கூப்பிடுவார். லேத்தின் நீளத்துக்கும் ஓடுகிற அந்த இரும்புப் படுகையை எங்கள் பக்கம் பெட் என்போம். அதன்மேல் வலது கையின் மூன்று விரல்களை வைத்து ஒரு இழு இழுப்பார். எங்கே தேய்ந்திருக்கிறது, எத்தனை வருஷம் ஓடியிருக்கிறது, ஓட்டியவன் எண்ணெய் விட்டானா இல்லையா, எல்லாம் அந்த விரல்களுக்குத் தெரிந்துவிடும். அவர் சொல்லுகிற தொகையை மறுத்துப் பேச உக்கடத்துப் பழைய மெஷின் சந்தையில் ஆள் கிடையாது.

விரல் பொய் சொல்லாது. வாய் சொல்லுமா என்றால், சொல்லும்.

இந்தத் தொழிலில் ஒரு அயோக்கியத்தனம் உண்டு. பழைய மெஷினை விலைபேச வருகிறவன் முதலில் அதை ஓட்டிப் பார்ப்பான். ஓடுகிற சத்தத்தில் பாதி விலை இருக்கிறது. அந்த விலையை அடிக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? ஷட்டவுன் நாளாகப் பார்த்துப் போவது. "ஓட்டிப் பாக்க முடியலீங்களே. உள்ள கியரு என்ன கதியில கெடக்குதோ..." என்று இழுப்பது. விற்கிறவருக்கு அவசரம் இருந்தால் இரும்பு விலைக்கே தலையாட்டிவிடுவார்.

மெஷின் வாங்கி விற்கிற இல்யாஸ் இந்த வித்தையில் பழம் தின்று கொட்டை போட்டவர். அமீர் ஹம்சாவுக்கு மச்சான் முறை. முந்தின நாள் ராத்திரியே போன் போட்டுவிட்டார். "கணபதியில ஒரு லேத்து இருக்குது மச்சான். அந்தம்மா நீங்க சொல்ற வெலைக்குத் தர்றேங்குது. நாளைக்கு அங்க ஷட்டவுன். அறுபத்தஞ்சாயிரம்னு சொல்லிப்போட்டு வந்துருங்க. மேல வர்றதுல பாதி உங்களுக்கு."

அந்தம்மாவின் பெயர் விமலாராணி. கணவர் பிரகாசம் பிப்ரவரியில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். வீடும் ஷெட்டும் ஒரே காம்பவுண்டு, இரண்டும் வாடகை. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஷெட்டில் விலைபெறும் பொருளென்று மிச்சம் இருந்தது அந்த லேத் ஒன்றுதான். அது போகிற விலையில்தான் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். வேறு காசு கிடையாது.

மதியம் 1.35க்கு அமீர் ஹம்சா வந்து வண்டியை நிறுத்தினார். வானம் மூடிக்கொண்டிருந்தது. விமலாராணி ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிவிட்டார். அதற்குமேல் அது ஏறாது.

"ஏனுங்க பாய், இன்னிக்குப் பாத்துக் கரண்டு இல்லீங்களே. நாளைக்கு வந்தீங்கன்னா ஓட்டியே பாத்துப்போடலாமுங்க."

"வேண்டாமுங்க்கா. என்ற வெரலே போதும்."

"அப்பச் சரிங்க. நீங்க சொல்றதுதான் வெலை. நானு வேற ஆருகிட்டயும் கேக்கப் போறதில்ல. ஒத்த ரூமு ஊட்டுக்கே ஒரு லட்சம் அட்வான்ஸ் கேக்கறாங்க. அதுக்குத் தேறுமானு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அமீர் ஹம்சா அந்தம்மாவின் முகத்தைப் பார்க்காமல் குனிந்து உள்ளே போனார். விமலாராணி வீட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளே அரை இருட்டு. மேலே ஒரு கண்ணாடி ஓடு, அதிலும் அழுக்கு. நடுவில் ஆறடி லேத் பச்சை பெயின்டில் நின்றது. சுவரில் மெயின் போர்டு. பியூஸ் கட்டைகள் இரண்டையும் யாரோ பிடுங்கிக் கீழே வைத்திருந்தார்கள். போன் டார்ச்சை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு, பிஸ்மில்லா சொல்லி, மூன்று விரல்களைப் பெட்மேல் வைத்து இழுத்தார்.

விரல் வழுக்கியது. தூக்கிப் பார்த்தார். எண்ணெய். புது எண்ணெய். ஒன்பது மாதமாக ஓடாத மெஷினில் தூசியும் துருவும் இருக்க வேண்டும். அந்தம்மா துடைத்து வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தேய்மானம் ஒரு இடத்திலும் இல்லை. அருமையான பெட். இப்படி ஒரு பெட்டை அவர் விரல் தொட்டு வருஷக்கணக்காகிறது. அதற்காக மனசு இளகினாரா? அதெல்லாம் இல்லை. அறுபத்தைந்துக்கு வாங்கினால் எவ்வளவு நிற்கும் என்றுதான் கணக்குப் போட்டார்.

1.48. கியர்கள் இருக்கும் தலைப்பக்கப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். சூடு. வெயில் சூடு இல்லை. இரண்டு மணி நேரம் விடாமல் ஓடி, இப்போதுதான் நிறுத்திய மெஷினின் சூடு.

கையை எடுத்துவிட்டார். சுற்றிப் பார்த்தார். ஷெட்டில் யாருமில்லை.

குனிந்து அடித்தட்டைப் பார்த்தார். இரும்புச் சுருள்கள் கிடந்தன, நீலம் பாரித்து. சீவி எடுத்த உடனே இருக்கிற நிறம் அது. ஒன்றைத் தொட்டார். சுட்டது.

அப்போதுதான் சக்கைக் கவனித்தார். சக் என்பது வேலைத்துண்டைக் கவ்விச் சுற்றுகிற கனமான வட்டு. அதை முடுக்குகிற சாவி அதிலேயே செருகியிருந்தது. லேத் ஓட்டுகிற எந்த டர்னரும் இப்படி விட்டுவிட்டுப் போகமாட்டான். தெரியாமல் மெஷினைப் போட்டுவிட்டால் அந்தச் சாவி தோட்டா மாதிரிப் பறக்கும், ஆளைக் கொன்றுவிடும். தொழில் கற்கிற முதல் நாளே அடித்துச் சொல்லித் தருகிற பாடம் அது. அமீர் ஹம்சா சாவியை உருவி, நான்கடி தள்ளி இருந்த மேஜைமேல் வைத்தார். மேஜையில் சாவி வைத்த சத்தம்கூடக் கேட்டது என்று என்னிடம் சத்தியம் செய்தார்.

பிறகு டயல் கேஜை எடுத்துப் பொருத்தினார். சக் சுற்றும்போது மயிரிழை ஆட்டம் இருந்தாலும் அதன் முள் காட்டிக்கொடுத்துவிடும். எட்டாயிரம் ரூபாய்ச் சாமான். பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருப்பார். கையால் சக்கைச் சுற்றிப் பார்க்கலாம் என்று கை வைத்தவர், போதும், எதற்கு வீண் வேலை என்று எடுத்துவிட்டார். விலைதான் முன்பே முடிவாகிவிட்டதே.

2.06. போனை வாயருகே வைத்து இல்யாஸுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

"மச்சான், பாத்துட்டேன். அறுபத்தஞ்சுதான். அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடறேன்."

டிக்.

லேத்தின் பக்கமிருந்து. கியர் விழுகிற சத்தம்.

டார்ச்சைத் திருப்பினார். சக் லேசாக ஆடி நின்றது. அதில்... சாவி செருகியிருந்தது.

மேஜையைப் பார்த்தார். மேஜைமேல் எதுவும் இல்லை.

"யாரது?"

சக் சுற்ற ஆரம்பித்தது.

மெதுவாக. ஒரு சுற்று. இரண்டு. பிறகு வேகம். ம்ம்ம்ம்... என்று ஒரே சீரான சத்தம். அமீர் ஹம்சாவின் கண் பழக்கதோஷத்தில் டயலின் முள்ளுக்குப் போனது. முள் அசையவே இல்லை. அந்த வேகத்தில், அந்த வயசு மெஷினில், ஒரு புள்ளிகூட ஆட்டம் இல்லை. கியரில் ஒரு கரகரப்பு இல்லை. யாரோ அவருக்கு எதிரே நின்று, "பாரு, நல்லாப் பாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிக் காட்டுகிற மாதிரி இருந்தது.

சுவரைப் பார்த்தார். பியூஸ் கட்டைகள் கீழேதான் கிடந்தன.

விஷ்ஷ்ஷ்...

சாவி பறந்தது. இடது காதை உரசிக்கொண்டு போய் ஷட்டரில் அடித்தது. டங்.

அந்தச் சத்தம் என் கடைவரை கேட்டது. 2.11. நானே மணி பார்த்தேன். ஏதோ சாமான் விழுந்தது என்று சும்மா இருந்துவிட்டேன், மடையன்.

லேத் நின்றது. அமைதி.

ஓடியிருக்க வேண்டும். ஷட்டர் திறந்துதான் கிடந்தது, பத்தடி தூரம். ஆனால் டயல் கேஜ் அங்கே இருக்கிறதே. எட்டாயிரம் ரூபாய். நின்றுவிட்ட சக்கின் மேலாகக் கையை நீட்டி அதைப் பிடித்தார்.

முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பட்டன் திறந்து கிடந்தது.

சக் கால் சுற்று சுற்றியது. சட்டைக் கையைக் கவ்வியது.

இழுத்தார். வரவில்லை. இடது கையால் பிய்த்தார். பழைய கனத்த துணி, கிழியவில்லை.

இன்னொரு கால் சுற்று. மணிக்கட்டு சக்கைத் தொட்டது. இரும்பு சுட்டது.

நின்றது.

காத்துக்கொண்டிருந்தது.

அது எதற்குக் காத்திருக்கிறது என்று அமீர் ஹம்சாவுக்குப் புரிந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எத்தனை ஆயிரம் பேரிடம் பேரம் பேசியவர்! எதிராளி வாயைத் திறக்காமல் நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

"எம்பது," என்றார்.

கால் சுற்று. மூன்று விரல்கள் வட்டுக்கும் பெட்டுக்கும் நடுவே போயின.

"ஒண்ணு... ஒரு லட்சம்."

இன்னும் கொஞ்சம் சுற்றியது. நகம் நசுங்கியது.

"ஒண்ணு நாப்பது."

நின்றது. ஆனால் விடவில்லை.

கன்னத்துக்குப் பக்கத்தில் மூச்சு. பீடி வாசம். சூடான எண்ணெய் வாசம்.

"யா அல்லாஹ்... ஒண்ணு எம்பது. சத்தியமா ஒண்ணு எம்பது. அதுதான் வெலை. பெட்டத் தொட்டப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்..."

கால் சுற்று.

பின்பக்கமாக.

துணி தளர்ந்தது. கை வந்துவிட்டது.

2.19க்கு அவர் என் கடைப் படியில் வந்து விழுந்தார். சட்டைக் கை முறுக்கிய கயிறு மாதிரி இருந்தது. மூன்று விரல் நகங்களிலும் ரத்தம் கட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டு பாதியைக் குடித்தார். நடந்ததை அப்போதே, அந்தப் படியிலேயே, ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். "பிரகாசம்தானுங்க. பொண்டாட்டிய ஏமாத்த உடுவாரா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சத்தம் கேட்டு விமலாராணி வந்தார்.

"பாத்துட்டீங்களா பாய்? என்ன சொல்றீங்க?"

"ஒண்ணு எம்பது பெறுமுங்க்கா. அதுக்குக் கீழ ஆரு கேட்டாலும் குடுத்துராதீங்க."

அந்தம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரித் தயங்கினார்.

"பாய், அது மோட்டாரோட சேத்துச் சொன்ன வெலைங்களா?"

"ஆமாங்க."

"மோட்டாரு இல்லீங்களே. மார்ச்சு மாசமே கழட்டி வித்துப்போட்டமுங்க, எங்க பொண்ணு கரோலினுக்குக் காலேஜ் பீசு கட்டறதுக்கு. உங்களுக்குத் தெரியாம மறைக்கப்படாதுங்க. அதைக் கழிச்சுச் சொல்லுங்க."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சுவரோரம், மெஷினின் பின்னால் தகரக் கதவைத் திறந்தேன். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள். பெல்ட்டும் இல்லை. ஒரு முழு சிலந்தி வலை, அறுபடாமல் அப்படியே இருந்தது.

அமீர் ஹம்சாவும் பின்னால் வந்து நின்றார். அவர் மோட்டார் பக்கம் பார்க்கவில்லை. டயலைப் பிடித்து இழுத்தபோது அதன் அடிக்கட்டை இடித்து, பெட்டின் ஓரத்தில் பச்சை பெயின்ட் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அடியில் நீலம் தெரிந்தது. நகத்தால் இன்னும் கொஞ்சம் பெயர்த்தார். இரும்பில் உளியால் வெட்டிய இரண்டு எழுத்துகள். நா.மு.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரகாசம் இதை எங்கிங்க்கா வாங்குனாரு?" என்று ஷட்டரடியில் வந்து நின்ற விமலாராணியிடம் கேட்டார்.

"உக்கடத்துல, இல்யாஸ் பாய்கிட்டங்க. ஆறு வருசமாச்சு."

ஆறு வருஷத்துக்கு முன்னால், 2017இல், அன்னூரில் ஒரு ஷெட். நாச்சிமுத்து என்கிற டர்னர். கண் பார்வை மங்கிவிட்டது என்று தொழிலை மூடினார். இதே லேத், அப்போது நீல பெயின்ட். அன்றைக்கும் ஷட்டவுன். அன்றைக்கும் அமீர் ஹம்சா சொன்னது இரும்பு விலைதான். இல்யாஸ் வாங்கி, பச்சை அடித்து, மூன்று மடங்கு விலைக்குப் பிரகாசத்தின் தலையில் கட்டியிருக்கிறார். பெட்டைத் தொட்டே ஜாதகம் சொல்லுகிற விரல், தானே ஒரு தடவை ஏமாற்றி விலைசொன்ன மெஷினை அடையாளம் கண்டுபிடிக்கவில்லை.

லேத் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பட்டறைக்குப் போனது. மோட்டார் இல்லாமலே ஒரு லட்சத்து அறுபதாயிரம். விமலாராணிக்கு ரத்தினபுரியில் வீடு கிடைத்துவிட்டது. இல்யாஸுக்கும் அமீர் ஹம்சாவுக்கும் அன்றோடு பேச்சு வார்த்தை முறிந்தது.

பத்து நாள் கழித்து, கையில் ஐம்பதாயிரம் எடுத்துக்கொண்டு அமீர் ஹம்சா அன்னூர் போனார். நாச்சிமுத்துவைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, காலில் விழவும் தயாராகத்தான் போனார். கதவைத் திறந்தது அவர் மனைவி ராசாத்தாள். அடையாளம் தெரிந்துகொண்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்.

"அவரு இல்லீங்க. நீங்க வந்துட்டுப் போன மூணாம் நாளே போயிட்டாருங்க. சரவணம்பட்டிகிட்ட லாரி அடிச்சுப்போட்டுது."

"சரவணம்பட்டிக்கு எதுக்குப் போனாருங்க?"

"உங்களப் பாக்கத்தானுங்க அந்த வழியாக் கெளம்புனாரு. 'பாயி மேல தப்பில்ல, கரண்டு இல்லாததுனால அவருக்குத் தெரியல. கையோட கூட்டிட்டு வந்து ஒருக்கா ஓட்டிக் காட்டிப்போட்டா அவரே சரியான வெலை சொல்லிருவாரு'ன்னாரு. நல்ல மனுசன்னு உங்க மேல அத்தன நம்பிக்கைங்க."

அமீர் ஹம்சாவால் தலைநிமிர முடியவில்லை. பணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். லேத்துக்காக என்று மட்டும் சொன்னார்.

ராசாத்தாள் பணத்தைத் தொடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேத்துக்குங்களா? மத்த ரெண்டுக்கு?"

"எந்த ரெண்டுங்க?"

"அன்னிக்கு நீங்க வெலை சொன்னது மூணு மெசினுக்குங்களே. லேத்து, டிரில்லு, அப்பறம் அந்தப் பவர் ப்ரெஸ்ஸு. மூணையும் ஒரே வண்டியிலதானுங்க ஏத்திட்டுப் போனாங்க."

வெளியே வந்ததும், பேசமாட்டேன் என்று இருந்த இல்யாஸுக்கே போன் போட்டார். அந்த இரண்டும் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். இல்யாஸ் சிரித்தார். "ஆறு வருசத்துல எத்தன கை மாறிச்சோ, ஆருக்குத் தெரியும்? என்ன கலர் அடிச்சேன்னே ஞாபகமில்ல."

அமீர் ஹம்சா தொழிலை விடவில்லை. விட்டால் சோற்றுக்கு எங்கே போவது? கரண்ட் இருக்கிற நாளில்தான் போகிறார், சரியான விலைதான் சொல்கிறார். ஆனால் ப்ரெஸ், மேலிருந்து டன் கணக்கில் இறங்கித் தகட்டை ஒரே அடியில் வெட்டுகிற மெஷின், அது என்றால் மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறார். போன வாரம் ஒருவர் வந்து கூப்பிட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். என்ன கலர் என்றுதான் அமீர் ஹம்சா முதலில் கேட்டார்.

பவர் ப்ரெஸ்ஸுக்கு விலை சொல்வதானால், கையை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும்.